கொப்பரை, கூழ், சாலை: அயர்லாந்துப் பஞ்சத்தின் ஊர் நினைவுகளை எப்படிச் சரிபார்ப்பது?

(ஒரு குழு உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பழங்கலயம்

1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் நடந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தை ஐரிஷ் மொழியில் 'அன் கோர்தா மோர்', பெரும்பசி என்பார்கள். மேற்குக் கரையோர ஊர்களில் 'அன் த்ரோஹீல்', அதாவது கெட்ட காலம், என்ற சொல்லும் அதே அளவு புழக்கம். 1841 கணக்கெடுப்பில் 81.75 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65.5 லட்சம். ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவோ அதற்கு மேலோ கப்பலேறினார்கள். இந்த மொத்தக் கணக்கில் பெரிய தகராறு இல்லை. தகராறு ஊர்க்கணக்கில்தான்.

மேற்கத்திய கவுண்டிகளில் (மாவட்டங்களில்) திரும்பத் திரும்பக் காதில் விழும் நான்கு கூற்றுகளை வைக்கிறேன்.

"இந்த இரும்புக் கொப்பரை நாளைக்கு ஆயிரம் பேருக்குச் சோறு போட்டது." வயல் ஓரத்தில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவோ, வாசலில் பூந்தொட்டியாகவோ கிடக்கும் மூன்று கால் கொப்பரை எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

"மலைமேல் பாதியில் நின்றுபோகும் அந்தச் சாலை பஞ்சச் சாலை."

"டூலாக் ஏரிக் கரையில் ஒரே இரவில் 400 பேர் செத்தார்கள்."

"துருக்கி சுல்தான் ட்ரோஹெடா துறைமுகத்துக்கு மூன்று கப்பல் நிறைய உணவு அனுப்பினார்."

இவற்றை எதனோடு உரசிப் பார்ப்பது? ஆவணம் தெரிந்தவர்கள், விவசாயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

படிக்கல்

கொப்பரையை அளந்து பார்ப்பதுதான் சுலபம், அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உள்விட்டம் 90 செ.மீ. உள்ள அரைக்கோள வடிவக் கொப்பரை விளிம்புவரை ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். இங்கிலாந்து காலன் 4.546 லிட்டர் என்பதால் 42 காலன். ஒரு காலனுக்கு நான்கு குவார்ட், ஆக 168 குவார்ட். பொங்கி வழியாமல் இருக்க ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்ப முடியும், அப்படியானால் 134 குவார்ட். 1847-ல் அரசு திறந்த கஞ்சித்தொட்டிகளின் விதிப்படி ஆளுக்கு ஒரு குவார்ட் கூழ். ஆயிரம் பேருக்கு ஊற்ற எட்டு அடுப்பு ஏற்ற வேண்டும். மக்காச்சோள மாவு வேக இரண்டு மணி நேரமாவது ஆகும். ஒரு கொப்பரையால் முடியாத வேலை.

உள்விட்டம் 120 செ.மீ. என்றால் கதையே வேறு. கிட்டத்தட்ட 450 லிட்டர், 100 காலன். ஒரு அடுப்புக்கு 320 குவார்ட், மூன்று அடுப்பில் ஆயிரத்தைத் தொட்டுவிடலாம். ஆகவே முதலில் உள்விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள். வெளிவிட்டம் வேண்டாம், வார்ப்பிரும்பின் கனம் கணக்கைக் கெடுக்கும்.

இன்னொன்று கவனிக்க வேண்டும். 9 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அரைப் பங்கு. பதிவேட்டில் 700 பங்கு என்றிருந்தால் உண்டவர்கள் ஆயிரத்தை நெருங்கியிருக்கலாம். "ஆயிரம் பேர்" என்ற நினைவு தலைகளை எண்ணுகிறது, அரசாங்க ஏடு பங்குகளை எண்ணுகிறது. இரண்டும் ஒரே நாளைப் பற்றிப் பேசிக்கொண்டே வேறு எண்ணைச் சொல்லும்.

எரிபொருளையும் மறக்கக் கூடாது. 450 லிட்டர் தண்ணீரைக் குளிர்நிலையிலிருந்து கொதிக்க வைக்க மட்டும், திறந்த அடுப்பில், நன்றாகக் காய்ந்த பீட் கட்டி 80 கிலோவாவது வேண்டும் என்பது என் கணக்கு. அதை முந்தின கோடையிலேயே சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்திருக்க வேண்டும்.

விதைக்கிழங்கு

நிவாரணத்துக்குப் போகுமுன், எது போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் ஒரு குவார்ட் கூழின் அளவு புரியாது.

உழைக்கும் ஆண் ஒருவர் நாளைக்கு 12 முதல் 14 ராத்தல் உருளைக்கிழங்கு தின்றார். 12 ராத்தல் என்றால் 5.4 கிலோ, அதாவது ஏறத்தாழ 4,000 கலோரி. கூடவே மோர். சலிப்பான சாப்பாடுதான், ஆனால் வைட்டமின் சி உட்பட உடம்புக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் இருந்தது. ஏழைகள் நட்டது 'லம்பர்' என்ற ரகம். நீர் கோத்த கிழங்கு, சுவை மட்டம், ஆனால் மோசமான மண்ணிலும் அள்ளிக் கொடுக்கும்.

நடும் முறை மேட்டுப்பாத்தி. புல்தரையை உழாமல் அதன்மேல் எருவோ கடற்பாசியோ பரப்பி, ஒன்றிரண்டு கண் உள்ள கிழங்குத் துண்டுகளை வரிசையாக வைத்து, இருபக்கப் புல்கட்டியையும் ஒடுங்கிய மண்வெட்டியால் பெயர்த்து மேலே கவிழ்ப்பார்கள். பக்கத்தில் விழும் பள்ளமே வடிகால். சதுப்பு நிலத்துக்கும் சரிவுக்கும் இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. கைவிடப்பட்ட அந்தப் பாத்திகளின் வரிகளை இன்றும் மாலை வெயில் சாய்வாக விழும்போது மலைச்சரிவுகளில் பார்க்கலாம்.

பலவீனம் இரண்டு இடத்தில். கிழங்கிலிருந்தே கிழங்கை வளர்ப்பதால் வயல் முழுக்க ஒரே செடியின் நகல்கள், ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். அடுத்தது, கிழங்கு ஒன்பது மாதத்துக்கு மேல் நிற்காது. ஜூலை, ஆகஸ்டில் பழையது தீர்ந்து புதியது வராத இடைவெளி எல்லா வருடமும் உண்டு. ஜூலைக்கு 'முட்டைக்கோஸ் ஜூலை' என்றே பெயர். பஞ்சத்துக்கு முன்பே வருடத்தில் இரண்டு மாதம் அரைப்பட்டினி கிடந்த மக்கள் இவர்கள்.

நோய்க்குக் காரணம் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற, பூஞ்சை போன்ற நுண்ணுயிர். ஈரமும் மிதமான வெப்பமும் இரண்டு நாள் தொடர்ந்தால் இலையில் பரவும், மழைநீரோடு வித்துகள் மண்ணுக்குள் இறங்கிக் கிழங்கை அழுக்கும். 1845-ல் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போனது. 1846-ல் முக்கால் பங்குக்கு மேல். "மூடுபனி வந்தது, மறுநாள் நாற்றம் வந்தது" என்று ஊர்தோறும் சொல்வார்கள். அதைக் கட்டுக்கதை என்று தள்ளாதீர்கள், நோயின் போக்கு அப்படியே இருக்கிறது. மதுவிலக்குப் பாதிரியார் மேத்யூ 1846 ஜூலை 27 அன்று கார்க்கிலிருந்து டப்ளின் போகும் வழியில் செழித்துப் பூத்திருந்த வயல்களைப் பார்த்தார். ஆகஸ்ட் 3 அன்று திரும்பும்போது அதே வயல்கள் அழுகிக் கிடந்தன. இடையில் ஒரு வாரம்தான்.

1847-ல் நோய் குறைவு. ஆனால் விதைக்கிழங்கைத் தின்றாயிற்று. நட்டது 2,84,000 ஏக்கர் மட்டுமே, 1845-ல் இருபது லட்சம் ஏக்கர் அளவுக்கு இருந்த இடத்தில். நடுச்சதையைத் தின்றுவிட்டுக் கண் உள்ள தோலை மட்டும் நட்டதாக வரும் ஊர்நினைவும் இதோடு பொருந்துகிறது. 1848-ல் நோய் முழு வீச்சில் திரும்பியது. தாமிர சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை கண்டுபிடிக்கப்பட்டது 1880-களில். அதுவரை செடியைக் காப்பாற்ற யாரிடமும் மருந்து இல்லை.

பழங்கலயம்

நன்றி. இப்போது ஒரு குவார்ட் கூழில் என்ன இருந்தது என்று யாராவது சொல்லுங்கள்.

படிக்கல்

கூழைப் பொறுத்தது. லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர் அலெக்ஸிஸ் சொயே 1847 ஏப்ரல் 5 அன்று டப்ளினில் ஒரு மாதிரிக் கஞ்சித்தொட்டியைத் திறந்தார். நடுவில் 300 காலன் கொதிகலன், ஒரு பந்திக்கு நூறு பேர், சங்கிலியில் கட்டிய கரண்டி, மணி அடித்தால் உள்ளே, மணி அடித்தால் வெளியே. திறப்பு நாளன்று பெரிய மனிதர்கள் ஐந்து ஷில்லிங் கொடுத்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அவருடைய முதல் செய்முறை இரண்டு காலனுக்கு: மாட்டுக்கால் கறி கால் ராத்தல், கொழுப்பு 2 அவுன்ஸ், மாவு அரை ராத்தல், பார்லி அரை ராத்தல், கொஞ்சம் வெங்காயமும் காய்களும், உப்பு 3 அவுன்ஸ், பழுப்புச் சர்க்கரை அரை அவுன்ஸ். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சேர்த்து 2,400 கலோரி வரும். எட்டு குவார்ட்டால் வகுத்தால் ஆளுக்கு 300. கூடக் கொடுத்த கால் ராத்தல் ரொட்டியையோ பிஸ்கட்டையோ சேர்த்தாலும் 700-ஐத் தாண்டுவது கஷ்டம். விதைக்கிழங்கு சொன்ன 4,000-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்றே டப்ளின் மருத்துவர்கள் இதைக் கண்டித்தார்கள், அவர்கள் சொன்னது சரி.

ஆனால் கஞ்சித்தொட்டி என்றாலே சொயேயின் சாறு என்று நினைப்பது தவறு. 1847 பிப்ரவரிச் சட்டத்தின் கீழ் ஒரு பங்கு என்பது ஒரு ராத்தல் மாவு அல்லது தானியம், அல்லது ஒன்றரை ராத்தல் ரொட்டி, அல்லது மாவு கரைத்துக் கெட்டியாக்கிய ஒரு குவார்ட் கஞ்சியோடு, மேலே சொன்ன ரொட்டி அல்லது மாவு அளவில் கால்பகுதி. இதில் எதைக் கொடுத்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறியது. ஒரு ராத்தல் மக்காச்சோள மாவில் 1,600 கலோரி உண்டு. பல ஊர்களில் மக்காச்சோளத்தோடு அரிசியும் சேர்த்துக் களியாகக் கிண்டினார்கள். களி கிடைத்த ஊரும் சாறு கிடைத்த ஊரும் அரசு ஏட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே ஊர்நினைவில் "தண்ணீர்" என்று சொல்கிறார்களா, "மஞ்சள் களி" என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஒரு சொல் ஆயிரம் கலோரி வித்தியாசத்தைக் காட்டும்.

1847 ஜூலை முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்ட பங்குகள் வழங்கப்பட்டன. பஞ்சம் முழுவதிலும் அரசு செய்தவற்றுள் உயிர் காத்தது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அதை அந்த வருடம் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே மூடினார்கள். அறுவடை நன்றாக இருக்கிறது என்றார்கள். நட்டது எவ்வளவு என்று மேலே படித்தீர்கள்.

மேற்குக்கரை

படிக்கல் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இவ்வளவு உயிர் காத்த ஒன்றை ஊர் ஏன் வெட்கத்தோடு நினைக்கிறது?

வேகவைத்த உணவு என்பதே முதல் காரணம். அரசு தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தது. மாவாகக் கொடுத்தால் வசதி உள்ளவனும் வாங்குவான், வாங்கியவன் விற்று டீயும் புகையிலையும் வாங்குவான், களியாகக் கொடுத்தால் மறுநாள் புளித்துவிடும், பசித்தவன் மட்டுமே வருவான் என்பது கணக்கு. நோயாளி, முதியவர், சிறு பிள்ளை தவிர மற்ற எல்லோரும் பாத்திரத்தோடு தாங்களே வந்து நிற்க வேண்டும். அயர்லாந்துக் குடியானவர் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வந்தவரை உட்காரவைத்துக் கிழங்கு கொடுப்பது மரபு. அந்த மக்களைத் தெருவில் கிண்ணத்தோடு நிறுத்தினால் எப்படி இருக்கும்? சில ஊர்களில் கொப்பரையையே உடைத்தார்கள். மாவாகக் கொடு, வீட்டில் கிண்டிக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் கேட்டது.

இரண்டாவது காரணம் மதம். சில புராட்டஸ்டன்ட் மிஷன்கள் பள்ளிக்கோ ஜெபத்துக்கோ வந்தால்தான் உணவு என்றன. ஏக்கில் தீவில் எட்வர்ட் நாங்கிள் நடத்திய மிஷனும் கொனிமாரா மிஷன்களும் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். 'சூப்பு வாங்கினவர்கள்' என்பது தலைமுறை கடந்து நின்ற வசை. ஆனால் இதை எல்லாப் புராட்டஸ்டன்ட் நிவாரணத்துக்கும் நீட்டுவது பெரிய அநியாயம். நிவாரணப் பணியில் காய்ச்சல் தொற்றிச் செத்த பாதிரியார்கள் இரண்டு சபைகளிலும் உண்டு.

குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரை ஊர் தனியாகப் பிரித்து நன்றியோடு நினைக்கிறது. 1846 நவம்பரில் டப்ளினில் மையக் குழு அமைத்து, அரசு விழிக்கும் முன்பே கொப்பரைகளும் பணமும் அனுப்பினார்கள், மதம் கேட்கவில்லை. அவர்களுடைய உதவியில் எனக்கு மிகப் பிடித்தது கால்வேயின் கிளாடா மீனவர்களுக்குச் செய்தது. மீன் இருக்கும்போது மீனவர் ஏன் பட்டினி என்று பலர் கேட்பார்கள். வலையையும் சாதனங்களையும் அடகு வைத்து மாவு வாங்கிவிட்டார்கள், அதுதான் விடை. மேற்குக் கடலில் குளிர்காலத்தில் தோல் படகில் ஆழத்துக்குப் போகவும் முடியாது. குவேக்கர்கள் கடன் கொடுத்து அந்த வலைகளை மீட்டுத் தந்தார்கள். டர்னிப் விதையும் விநியோகித்தார்கள்.

பழங்கலயம்

மக்காச்சோளத்தை ஊர் கடுமையாகத் திட்டுகிறதே. வயிற்றைக் கெடுத்தது என்கிறார்கள்.

படிக்கல்

முதல் வருடம் கெடுத்தது உண்மைதான். பிரதமர் பீல் 1845 நவம்பரில் பேரிங் நிறுவனம் மூலம் ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கினார். அது கல் போன்ற கெட்டி ரகம். கப்பலிலிருந்து இறக்கியவுடன் சூளையில் காயவைத்து, ஆறவிட்டு, அரைத்து, மறுபடி ஆறவிட்டுத்தான் மூட்டை கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் சூடேறிப் புளித்துவிடும். ஓட்ஸ் அரைக்கும் ஊர்க்கல் அதை நொய்யாகத்தான் உடைத்தது. வாங்கிய மக்களிடம் விறகும் குறைவு, சமைக்கும் பழக்கமும் இல்லை. அரைவேக்காட்டில் தின்றவர்களுக்கு, குறிப்பாகப் பட்டினியில் மெலிந்த குடலுக்கு, வயிற்றுப்போக்கு. 'பீலின் கந்தகம்' என்ற பெயர் அதன் மஞ்சள் நிறத்தாலும் வயிற்றில் செய்த வேலையாலும் வந்தது. இரவே ஊறவைத்து நீண்ட நேரம் கிண்டினால் தொல்லை இல்லை. அடுத்த வருடத்திலேயே மக்கள் அதைத் தேடி வாங்கினார்கள், ஐரிஷில் 'மின் வீ', மஞ்சள் மாவு.

தீராத குறை ஒன்று உண்டு. மக்காச்சோளத்தில் வைட்டமின் சி இல்லை. கால் கறுத்து, ஈறு வீங்கிய ஸ்கர்வி பரவியதற்கு அதுதான் காரணம். ஊர் அதைக் 'கருங்கால்' என்று நினைவில் வைத்திருக்கிறது.

நிலப்படம்

சாலைக்கு வருகிறேன். 1846-ல் வேலைகள் வாரியம் என்ற அரசுத் துறை, பட்டினி கிடந்தவர்களுக்கு நிவாரணமாகக் கூலிக்குச் சாலை வேலை கொடுத்தது. "பஞ்சச் சாலை" என்று சொல்லப்படுவதில் நல்ல பங்கு 1846-ஐச் சேர்ந்ததல்ல. 1822 பஞ்சத்தின்போது பொறியாளர் அலெக்சாண்டர் நிம்மோ மேற்கில் பல சாலைகளைப் போட்டார். 1879-81-ல் ஒரு சிறு பஞ்சம் வந்தது, அதற்கும் நிவாரண வேலைகள் உண்டு. 1891-க்குப் பிறகு, மேற்கின் ஏழை மாவட்டங்களை மேம்படுத்த அரசு அமைத்த நெரிசல் மாவட்ட வாரியம் போட்ட சாலைகள் வேறு.

பிரிப்பதற்கு வழி: அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) முதல் பதிப்பு வரைபடம் 1830-களிலும் 40-களின் தொடக்கத்திலும் அளக்கப்பட்டது. சாலை அதிலேயே இருந்தால் அது 1846-ன் வேலை ஆகாது. முதல் பதிப்பில் இல்லாமல், நூற்றாண்டின் கடைசியில் வந்த 25 அங்குல வரைபடத்தில் இருந்தால் இன்னும் ஐம்பது வருட இடைவெளி மிச்சம். அப்போது வேலைகள் வாரியத்தின் ஆவணத்தில் அந்த பேரனி, அதாவது வட்டத்தின், தீர்மானங்களைத் தேட வேண்டும். வட்டக் கூட்டம் வேலையை முன்மொழியும், வாரியத்தின் பொறியாளர் ஒப்புவார், நிவாரணக் குழு ஆட்பட்டியல் கொடுக்கும். இந்த மூன்று தாளில் ஒன்று கிடைத்தாலும் போதும்.

பாதியில் நிற்கும் சாலைகளின் காரணமும் தெரிந்ததே. 1847 மார்ச்சில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் இந்த வேலைகளில் இருந்தார்கள். மார்ச் 20 முதல் ஐந்தில் ஒரு பங்கு ஆட்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு, பிறகு அடுத்தடுத்துக் குறைப்பு. சல்லி கொட்டிய இடத்தோடு சாலை நின்றது. பல ஊர்களில் கஞ்சித்தொட்டி அப்போது இன்னும் திறக்கவில்லை. அந்த இடைவெளி வாரங்களில் விழுந்த சாவுகளை மொத்தக் கணக்கில் தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

படிக்கல்

கூலிக் கணக்கையும் போட்டுவிடலாம். நாளுக்கு 8 பென்ஸ், ஆறு நாள் வேலை, வாரம் 48 பென்ஸ். மக்காச்சோள மாவு ராத்தல் ஒரு பென்னிக்கு விற்ற 1846 வசந்தத்தில் அது 48 ராத்தல், ஆறு பேர் குடும்பம் தட்டுத்தடுமாறிப் பிழைக்கலாம். அந்தக் குளிர்காலத்தில் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. 24 ராத்தலுக்கும் குறைவு, ஆளுக்கு நாளைக்கு ஏறத்தாழ அரை ராத்தல்தான். அதைத் தின்றுவிட்டுப் பனியில் கல் உடைக்க வேண்டும். அளவு வேலை வேறு, கல் குறைந்தால் கூலி குறையும். பலம் இழந்தவனுக்குக் கூலியும் இழப்பு.

கூலி நேரத்துக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை. சம்பள எழுத்தர்கள் போதவில்லை, சில்லறை வெள்ளிக்காசு போதவில்லை. மேற்குக் கார்க்கில் டெனிஸ் மெக்கென்னடி என்ற தொழிலாளி 1846 அக்டோபர் 24 அன்று சாலை வேலையில் விழுந்து செத்தார். இரண்டு வாரக் கூலி பாக்கி. ஸ்கிபெரீன் மருத்துவர் டேனியல் டொனவன் உடலைப் பரிசோதித்தார். பட்டினிச் சாவு, காரணம் வேலைகள் வாரியத்தின் அலட்சியம் என்று விசாரணைக் குழு தீர்ப்பளித்தது.

மேற்குக்கரை

டூலாக். மேயோவில் லூயிஸ்பர்க் ஊரில் வெளிநிவாரணப் (ஏழைகள் விடுதிக்குள் போகாமல் பெறும் உதவி) பட்டியலில் இருந்தவர்களை 1849 மார்ச் 30 அன்று இரண்டு அதிகாரிகள் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அவர்கள் இரவு தங்கப் போனது 12 மைல் தள்ளி டெல்ஃபி லாட்ஜுக்கு. காலை ஏழு மணிக்கு அங்கே வந்து நில்லுங்கள், இல்லாவிட்டால் பெயர் அடிபடும் என்று சொல்லப்பட்டது. மக்கள் இரவோடு இரவாக மலைவழியில், குளிரில் நடந்தார்கள். அங்கே உணவு கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் செத்தார்கள்.

அடுத்த மாதம் மேயோ பத்திரிகையில் வந்த கடிதம் வழியில் ஏழு உடல்கள் கிடந்ததாகவும் ஒன்பது பேர் வீடு சேரவில்லை என்றும் சொல்கிறது. ஊர் 400 என்கிறது. என் பார்வையில் 400-க்கு ஆதாரம் இல்லை. ஆனால் 16-ஐ முழுக்கணக்கு என்று எடுப்பதும் பிழை. அயர்லாந்தில் எல்லோருடைய சாவையும் அரசு பதிவது 1864-ல்தான் தொடங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துக் காய்ச்சலில் செத்தவரை அந்த நடையோடு சேர்த்து எண்ணும் ஏடு எதுவும் இல்லை. 1851 கணக்கெடுப்பில் வில்லியம் வைல்ட் தொகுத்த மரண அட்டவணைகளுக்கும் இதே ஓட்டை: உயிரோடு இருந்த குடும்பத்தாரிடம் கேட்டு எழுதியவை அவை. குடும்பமே அழிந்திருந்தால் சொல்ல ஆள் இல்லை. பஞ்சத்தில் அதிகம் அழிந்ததே அந்த வகைக் குடும்பங்கள்தான்.

இன்று அந்த வழியில் ஆண்டுதோறும் நினைவு நடை உண்டு. ஏரியருகே உள்ள நினைவுக்கல்லில் காந்தியின் வாசகம் பொறித்திருக்கிறது.

மலையருவி

நுவரெலியாவில் கிரகரி ஏரியைப் பற்றிக் கதைக்கிறவர்களுக்கு ஒரு தொடர்பைச் சொல்ல வேணும். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த வில்லியம் கிரகரிதான் 1847-ல் ஏழைச் சட்டத்தில் 'கால் ஏக்கர்' விதியைக் கொண்டுவந்தவர். கால்வே கவுண்டியில் கூல் பண்ணையின் வாரிசு, அப்ப டப்ளின் தொகுதி உறுப்பினர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் இல்லை என்பதே அந்த விதி. கொழும்பு அருங்காட்சியகத்துக்காக அவரை நன்றியோடு நினைக்கிற எங்கட ஆக்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது.

விதி எப்படி வேலை செய்தது என்றால்: கஞ்சித்தொட்டி மூடின பிறகு மிஞ்சினது ஏழைகள் விடுதிதான். 130 விடுதிகள் ஒரு லட்சம் பேருக்காகக் கட்டப்பட்டவை. அதுக்குள்ள போகவோ வெளிநிவாரணம் பெறவோ ஐந்து ஏக்கர் குடியானவர் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேணும். நிலம் வாங்குற பண்ணையார் வீட்டையும் இடித்துத் தா என்று கேட்பார். கூரையைப் பிரித்தால் திரும்பி வர இடமில்லை. அதோடு நான்கு பவுண்டுக்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்துக்குரிய ஏழை வரியைப் பண்ணையாரே கட்ட வேண்டியிருந்தது. சிறு குடியானவரை வெளியேற்றினால் அந்த வரியும் மிச்சம். இரண்டு விதியும் சேர்ந்துதான் பெரும் வெளியேற்றத்தை உண்டாக்கின. நிலத்தை விடாமல் பிடித்திருந்த தகப்பனின் மனைவி பிள்ளைகளுக்கு நிவாரணம் கொடுக்கலாம் என்ற விளக்கம் 1848-ல்தான் வந்தது.

பழங்கலயம்

சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. பஞ்சகாலத்தில் கருவூலத்திலிருந்து நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859-60-ல் சென்னை மாகாண ஆளுநர். அதே சமயம் அயர்லாந்துக்குச் சேர்ந்த முதல் வெளிநாட்டு நிதிகளுள் ஒன்று 1846 தொடக்கத்தில் கல்கத்தாவில் திரட்டப்பட்டது, ஏறத்தாழ 14,000 பவுண்டு. கம்பெனிப் படையில் இருந்த ஐரிஷ் சிப்பாய்களின் பணம் அதில் உண்டு.

இனி சுல்தானின் கப்பல்?

நிலப்படம்

சுல்தான் அப்துல்மெசித் 1,000 பவுண்டு கொடுத்தது உண்மை, நன்றிக் கடிதம் இருக்கிறது. மூன்று கப்பல் ட்ரோஹெடாவுக்கு வந்ததற்கு உறுதியான ஆவணம் இல்லை. அந்த ஊர்ச் சின்னத்தில் உள்ள பிறையும் நட்சத்திரமும் பஞ்சத்துக்கு நூற்றாண்டுகள் முந்தியவை, அதை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

கப்பல் வேண்டுமென்றால் ஆவணத்தோடு ஒன்று இருக்கிறது. போர்க்கப்பலாகிய ஜேம்ஸ்டவுன் 1847 மார்ச் 28 அன்று பாஸ்டனிலிருந்து கிளம்பி, பீரங்கிகளை இறக்கிவிட்டு ஏற்றிய 800 டன் உணவோடு ஏப்ரல் 12 அன்று கார்க் சேர்ந்தது. அதே மார்ச்சில் அமெரிக்கப் பழங்குடிகளான சோக்டா மக்கள் 170 டாலர் திரட்டினார்கள், தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டுப் பதினாறு வருடம்கூட ஆகாத நிலையில். கார்க் கவுண்டி மிடில்டனில் ஒன்பது கழுகிறகு வடிவில் அதற்கு நினைவுச் சின்னம் உண்டு, 2017-ல் திறக்கப்பட்டது.

பேசப்படாத ஒன்றும் உண்டு. போலந்துக்காரர் ஸ்ட்ஷெலெட்ஸ்கி பிரிட்டிஷ் நிவாரணச் சங்கத்தின் சார்பில் மேற்கில் பள்ளிகள் வழியாகப் பிள்ளைகளுக்கு ரை என்ற தானியத்தின் ரொட்டியும் சாறும் கொடுத்தார். 1848 வசந்தத்தில் இரண்டு லட்சம் பிள்ளைகள்வரை உண்டார்கள். அவர்களுக்கு வரிசை அவமானமும் இல்லை, நிலத்தை விடும் நிபந்தனையும் இல்லை. பணம் தீர்ந்ததும் அந்தக் கோடையில் நின்றது.

பழங்கலயம்

ஊர்க்கதைகளை எங்கே படிப்பது?

மேற்குக்கரை

இரண்டு தொகுப்புகள். 1937-39-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதியது பள்ளித் தொகுப்பு, கவுண்டி, பள்ளி வாரியாக இணையத்தில் தேடலாம். 1945-ல் ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் பஞ்சத்தைப் பற்றித் தனிக் கேள்வித்தாள் அனுப்பித் திரட்டியது மற்றது. சொன்னவர்கள் பெரும்பாலும் பஞ்சத்தைக் கண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பட்டினி கிடந்தவர் பெரும்பாலும் பக்கத்து ஊராராகவோ வழிப்போக்கராகவோதான் வருவார். சொல்பவரின் சொந்தக் குடும்பம் கொடுத்த குடும்பமாகவே இருக்கும். பிழைத்தவர்களின் வழி வந்த நினைவு அது, செத்தவர்களின் நினைவைச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சவில்லை. ஆனால் உணவு விவரங்களில் பிழை குறைவு: நெட்டில் கீரை, காட்டுக் கடுகு, பாறைச் சிப்பி, மாட்டின் கழுத்து நரம்பில் கொஞ்சம் இரத்தம் எடுத்து மாவில் கலப்பது, அடி திறக்கும் சவப்பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. ஸ்கிபெரீன் அபிஸ்ட்ரூரி இடுகாட்டின் பெருங்குழிகளைப் பற்றி ஊர் சொல்வதும் ஆவணமும் ஒன்றையே சொல்கின்றன.

'பசிப்புல்' என்ற நம்பிக்கையும் அந்தத் தொகுப்புகளில் நிறைய வரும். பட்டினியில் ஒருவர் விழுந்து செத்த இடத்துப் புல்லை மிதித்தால் திடீரென்று கால் துவண்டு, கண் இருண்டு, நகர முடியாத பசி பிடிக்குமாம். அதற்காக மலைவழி போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு துண்டு ஓட்ஸ் அடை வைத்துக்கொள்வார்கள்.